உறையில ஓர் ஓட்டை... உள்ளே ஒரு 2 மார்க்!

'ஒரே உறையில ரெண்டு கத்தி இருக்க முடியாது'ன்னு அரசியல் மேடையிலேர்ந்து சீரியல் மாமியார் வரைக்கும் எல்லாரும் சொல்லிட்டாங்க. அது கிடக்கட்டும் பாஸ்... உங்க வீட்டுல இருக்கற ஒரே ஒரு கத்திக்காவது உறை இருக்கா?

கிச்சன் டிராயரைத் திறந்து பாருங்க. கரண்டி, தேங்காய்த் துருவி, பழைய ரப்பர் பேண்டு... அதுக்கு நடுவுல போர்வை இல்லாம படுத்திருக்கும் ஒரு கத்தி. என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு சமையல் சாமான் கட்டும்போது அதே கத்தியை நியூஸ் பேப்பர்ல சுத்தி, ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, பையில செருகி விட்டுடுவோம். பஸ் ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினா போதும், பேப்பரைக் கிழிச்சுக்கிட்டு முனை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்!

பனையேறுறவங்களைப் பார்த்திருக்கீங்களா? ரெண்டு கையும் மரத்தைப் பிடிச்சாகணும். பாளை சீவற அரிவாள் இடுப்புல கட்டின பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும். அரிவாளோட கூர்மை எவ்வளவு முக்கியமோ, அந்தப் பெட்டி இடுப்புல அசையாம நிக்கறதும் அவ்வளவு முக்கியம். நல்ல உறைக்கு இலக்கணமே அதுதான். கூரான பக்கம் யார் மேலயும் படக்கூடாது. கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கணும். உறை, கட்டின இடத்துலேர்ந்து கழண்டு விழக்கூடாது.

இந்த மூணாவது விஷயத்துக்குத்தான் உறையில பெல்ட் நுழையற நீளமான ஓட்டை ஒண்ணு போடறோம். மெக்கானிக்கல் பசங்க மொழியில 'ஸ்லாட்'. பார்க்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். ஆனா, வீட்டுல செய்யற பிளாஸ்டிக் உறைகள் முதல்ல உடையற இடம் எதுன்னு பார்த்தா, பெரும்பாலும் இந்த ஓட்டையோட மூலைதான். எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி 2 மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின ஒரு சமாசாரம் அந்த மூலையில உட்கார்ந்துக்கிட்டு நம்மளைப் பார்த்துச் சிரிக்குது. அது என்னன்னு பின்னாடி சொல்றேன். முதல்ல உறை!

ஏரோப்ளேனிலிருந்து இடுப்புக்கு!

பிளாஸ்டிக்ல கத்தி உறை செய்யறது அமெரிக்காவுல பெரிய பொழுதுபோக்கு. அங்கே இதுக்கு ஹீரோ 'கைடெக்ஸ்'ங்கற ஷீட். 1965-ல ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனி இதை உருவாக்கினது கத்திக்காக இல்லை, விமானத்தோட உள் அலங்காரத்துக்காக. பி.வி.சி.யும் அக்ரிலிக்கும் கலந்த கலவை. சூடு பண்ணினா ரப்பர் மாதிரி தொளதொளன்னு ஆகும். ஆறினதும் என்ன வடிவத்துல அழுத்தினோமோ அப்படியே விறைப்பா நின்னுடும். தோல் மாதிரி தண்ணியை உறிஞ்சாது, பூஞ்சை பிடிக்காது. கத்தியைச் செருகினா 'டக்'குன்னு ஒரு சத்தத்தோட கவ்விக்கும். விடுவாங்களா? விமானத்துலேர்ந்து அது நேரா இடுப்புக்கு இறங்கிடுச்சு.

நம்ம ஊர்ல கைடெக்ஸ் தேடி அலைய வேண்டாம். அதோட ஏழைச் சொந்தக்காரர் ஒவ்வொரு ஹார்டுவேர் கடை வாசல்லயும் சாய்ஞ்சு நிக்கறார். பி.வி.சி. பைப்! ஃபர்ஸ்ட் இயர் பிராக்டிஸ் லேப்ல பிளம்பிங் பிரிவுல எல்போவும் டீயும் மாட்டி விளையாடினோமே, அதே பைப்தான். கைடெக்ஸ் வளையறதுக்கு 150 டிகிரிக்கு மேல சூடு வேணும். பி.வி.சி. 80 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சுடும். அதாவது கொதிக்கற தண்ணியே போதும். ஹீட் கன் இருந்தா இன்னும் வசதி.

உறை செய்யற முறையைச் சுருக்கமா சொல்லிடறேன். 75 மி.மீ. விட்டமுள்ள, சுவர் 2 மி.மீ. அளவுக்கு இருக்கற பைப்புத் துண்டு ஒண்ணு எடுத்துக்குங்க. நீளவாக்குல ஒரு பக்கம் அறுத்து, சூடு பண்ணி விரிச்சு, ரெண்டு பலகைக்கு நடுவுல அழுத்தினா சுமார் 23 செ.மீ. அகலத்துக்கு ஒரு ஷீட் ரெடி. கத்தியோட அலகு முழுக்க மாஸ்கிங் டேப் ரெண்டு மூணு சுத்து சுத்திடுங்க. கையும் தப்பிக்கும், உறைக்கும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்.

அடுத்து ரெண்டு வழி இருக்கு. ஒரே ஷீட்டை நடுவுல மடிச்சு உள்ளே கத்தியை வைக்கலாம். அமெரிக்காக்காரங்க இதுக்கு 'டாக்கோ'ன்னு பேர் வெச்சிருக்காங்க. நாம மசால் தோசைன்னு வெச்சுக்கலாம். இல்லேன்னா ரெண்டு துண்டு ஷீட், நடுவுல கத்தி, சாண்ட்விச் மாதிரி. இது 'பான்கேக்'. சூடா இருக்கும்போதே மேலயும் கீழயும் கனமான ஸ்பாஞ்ச் வெச்சு, பலகையால அழுத்தி, ஆறற வரைக்கும் அசையாம விடணும். கத்தி இருக்கற இடம் மேடாகவும், ரெண்டு ஓரமும் தட்டையா இறக்கை மாதிரியும் வரும். அந்த இறக்கைகளைச் சின்ன ஸ்க்ரூ-நட்டு போட்டோ, ரிவிட் அடிச்சோ இணைச்சா உறை தயார். பெல்ட்டுக்கான ஸ்லாட் வரப்போறதும் அந்த இறக்கைகள்லதான். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு.

215 கிலோமீட்டர் வேகம் எதுக்கு பாஸ்?

'ஸ்லாட்தானே... மினி கிரைண்டர்ல வட்ட பிளேடை மாட்டி ஒரே இழு'ன்னு கை பரபரக்கும். பி.சி.பி. போர்டுல துளை போடற மினி ட்ரில் இருக்கே, அதோட பெரிய அண்ணன்தான் இந்த ரோட்டரி டூல். உலகம் முழுக்க 'ட்ரெமெல்'ங்கற பேர்ல பிரபலம். 1932-ல அமெரிக்காவின் ரேசின் நகரத்துல ஆல்பர்ட் ட்ரெமெல் ஆரம்பிச்ச கம்பெனி அது. 1993-லிருந்து பாஷ் நிறுவனத்தோட கையில இருக்கு. அருமையான கருவி. ஆனா, இந்த வேலையில அவசரப்பட்டு அதை எடுத்தா காலை வாரும். ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

38 மி.மீ. விட்டமுள்ள வெட்டு பிளேடு நிமிஷத்துக்கு 30,000 சுற்று சுத்துதுன்னு வைங்க. அதோட ஓரம் போற வேகம் வினாடிக்கு சுமார் 60 மீட்டர். மணிக்கு 215 கிலோமீட்டர்! வந்தே பாரத் ரயிலே இந்த வேகத்துல ஓடறதில்லை. அந்த வேகத்துல ஓரம் பிளாஸ்டிக் மேல உரசினா உண்டாகற சூடு எங்கே போகும்?

இரும்பு, அலுமினியம்னா பிரச்னை இல்லை. சூட்டை 'மடமட'ன்னு பக்கத்துக்குக் கடத்தி விட்டுடும். பி.வி.சி. அப்படிக் கிடையாது. அலுமினியம் கடத்தற சூட்டுல ஆயிரத்துல ஒரு பங்குகூட அது கடத்தாது. உண்டான சூடு வெட்டற கோட்டுலயே முடங்கிக் கிடக்கும். இளகறதுக்கோ 80 டிகிரியே போதும். ஆக, பிளேடு பிளாஸ்டிக்கை வெட்டாது, உருக்கும். உருகின பிளாஸ்டிக் பிளேடுக்குப் பின்னாடியே போய் ஆறி, வெட்டின வழியை மறுபடி ஒட்டிடும். ஓரமெல்லாம் பஜ்ஜி மாவு வழிஞ்ச மாதிரி பிசிறு நிக்கும்.

அழகு போனா போகட்டும், மூக்கைக் கவனிங்க. பி.வி.சி. கருகினா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியே வரும். ஈரத்தோட சேர்ந்தா அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணுலயும் தொண்டையிலயும்தான் ஈரம் எப்பவும் இருக்கே! கார நெடி அடிச்சா 'இன்னும் ஒரு அரை இஞ்ச்தான்'னு தொடராதீங்க. உடனே நிறுத்திட்டு வெளிக்காத்துக்கு வாங்க.

இப்போ சாதாரண கை ட்ரில்லைப் பார்ப்போம். 5 மி.மீ. பிட், நிமிஷத்துக்கு 600 சுற்று. ஓரத்தோட வேகம் மணிக்கு வெறும் அரை கிலோமீட்டர் சொச்சம். கோயில் பிராகாரம் சுத்தற பாட்டிகூட ஓவர்டேக் பண்ணிடுவாங்க. ஆனா, வர்ற தூளைப் பாருங்க. சீவின தேங்காய்ப்பூ மாதிரி சுருள் சுருளா, உருகாம வரும். நமக்கு வேண்டியது அதுதான்.

வெட்டுவோமா?

தேவையான சாமான்கள்: வேகம் குறைக்கக்கூடிய கை ட்ரில், 2, 4, 5 மி.மீ. பிட்டுகள், பிளேடைக் கழட்டி மாட்டற மெல்லிய கோப்பிங் ஸா, தட்டையும் உருண்டையுமா சின்ன ஊசி அரங்கள், ரெண்டு சி-கிளாம்ப், ஒரு மரக்கட்டை, மாஸ்கிங் டேப், உப்புத்தாள். இதுல பாதி உங்க காலேஜ் ஒர்க்‌ஷாப்லயே இருக்கும்.

1. முதல் வேலை, உறைக்குள்ளேயிருந்து கத்தியை வெளியே எடுத்துடுங்க. ஸ்லாட் போட்டு முடிக்கற வரைக்கும் அது வேற ரூம்ல இருக்கட்டும்.

2. அடுத்தது அளவு. உங்க பெல்ட்டை ஸ்கேல் வெச்சு அளந்துக்குங்க. ஒன்றரை இஞ்ச் பெல்ட்டுன்னா 38 மி.மீ. அதுக்கு 40 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம் சரியா இருக்கும். ஸ்லாட்டுக்கும் இறக்கையோட ஓரத்துக்கும் நடுவுல குறைஞ்சது 10 மி.மீ. சதை விடுங்க.

3. மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அது மேல பென்சிலால வரையுங்க. நடுக்கோடு, ரெண்டு முனையிலயும் துளை மையம். இங்கே ஒரு கணக்கு இருக்கு. மொத்த நீளம் 40 மி.மீ. வேணும்னா, ரெண்டு மையத்துக்கும் நடுவுல 35 மி.மீ.தான் இருக்கணும். துளையோட ஆரம் ரெண்டு பக்கமும் 2.5 மி.மீ. சேர்த்துக்கும் இல்லையா? 40-ன்னு குறிச்சா ஸ்லாட் 45-க்குப் போயிடும்.

4. மையத்துல ஒரு கூரான ஆணியை வெச்சு கையால அழுத்தி, சின்னக் குழி பண்ணுங்க. சுத்தியலால ஓங்கி அடிச்சா பிளாஸ்டிக் விரிய வாய்ப்பு இருக்கு. குழி இருந்தா பிட் வழுக்காது.

5. இறக்கையோட ரெண்டு ஷீட்டையும் சேர்த்து, அடியில மரக்கட்டை வெச்சு, கிளாம்ப்பால இறுக்குங்க. கையில பிடிச்சுக்கிட்டு துளை போடவே கூடாது. பிட் மறுபக்கம் வெளியே வர்ற அந்த வினாடியில பிளாஸ்டிக்கை லபக்குன்னு கவ்வும். கிளாம்ப் இல்லேன்னா உறை ஃபேன் மாதிரி சுத்தும். முதல்ல 2 மி.மீ. பிட், அப்புறம் 5 மி.மீ. பிட். முடியப்போகுதுன்னு தெரிஞ்சதும் அழுத்தத்தைக் குறைச்சிடுங்க. அடியில கட்டை இருக்கறதால பின்பக்கம் சில்லு தெறிக்காது.

6. முனைத் துளை ரெண்டும் ஆச்சா? இப்போ நடுவுல இருக்கறதை எடுக்கணும். கோப்பிங் ஸா இருந்தா பிளேடைக் கழட்டி, துளைக்குள்ள விட்டு, மறுபடி மாட்டி, ரெண்டு கோடு அறுத்துட்டா போதும். பல் நெருக்கமா இருக்கற பிளேடைப் பார்த்து வாங்குங்க. ஸா இல்லேன்னா செயின் ட்ரில்லிங். ரெண்டு முனைக்கும் நடுவுல 5 மி.மீ.க்கு ஒண்ணா ஆறு துளைகள், 4 மி.மீ. பிட்டால. துளைகளுக்கு நடுவுல மிஞ்சற சுவர் 1 மி.மீ., முனைத் துளை பக்கம் அரை மி.மீ. ஊசி அரத்தை நுழைச்சு நாலு இழு இழுத்தா சுவர் விழுந்துடும்.

7. இப்போ அரம். நீளப் பக்கம் ரெண்டையும் தட்டை அரத்தால நேர் பண்ணுங்க. ஆனா, முனை வளைவுக்குப் பக்கத்துல தட்டை அரம் போகவே கூடாது. அங்கே உருண்டை அரம் மட்டும்தான். 'ஸ்லாட்னா நாலு மூலையும் கட்டம் கட்டமா, பாக்ஸ் மாதிரி இருந்தாத்தானே கெத்து'ன்னு தோணும். தோணட்டும், செஞ்சுடாதீங்க. காரணம்தான் அந்த 2 மார்க்.

8. கடைசியா 220, 400, 600-ன்னு உப்புத்தாளை வரிசையா மாத்தி, ஓரத்தை எல்லாம் மழுக்குங்க. ஓரம் கூரா இருந்தா உங்க பெல்ட்டையே அது கொஞ்சம் கொஞ்சமா அறுத்துடும். ரோட்டரி டூலைத் தொட்டே ஆகணும்னு ஆசையா? உப்புத்தாள் உருளையை மாட்டி, இருக்கறதுலயே குறைஞ்ச வேகத்துல, தொட்டுத் தொட்டு எடுங்க. ஒரே இடத்துல நிறுத்தாதீங்க. முடிஞ்சதும் உறையைக் கழுவி, உள்ளே இருக்கற தூளை எல்லாம் வெளியேத்துங்க. தூள் உள்ளேயே தங்கினா, கத்தியைச் செருகும்போதெல்லாம் அலகுல கீறல் விழும்.

அந்த 2 மார்க்!

'வாட் இஸ் ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன்?' டிசைன் பேப்பர்ல தவறாம வர்ற கேள்வி. 'வடிவம் திடீர்னு மாறற இடத்துல ஸ்ட்ரெஸ் குவியும்'னு ரெண்டு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். அந்த ரெண்டு வரிதான் இப்போ உங்க உறையில இருக்கு.

ஆத்துல தண்ணி ஓடற மாதிரி யோசிங்க. நடுவுல ஒரு பாறை இருந்தா தண்ணி ரெண்டு பக்கமும் ஒதுங்கி, நெரிசலா, வேகமா ஓடும். தகட்டை இழுக்கும்போது விசையும் அப்படித்தான். ஓட்டைக்குள்ள போக வழியில்லாததால ஓரத்துல நெரிசல் ஆகும். 1898-ல ஜெர்மன் என்ஜினீயர் கிர்ஷ் கணக்குப் போட்டுச் சொன்னார், வட்டமான ஓட்டையா இருந்தா ஓரத்துல ஸ்ட்ரெஸ் மூணு மடங்கு. 1913-ல இங்கிலாந்தோட சார்ல்ஸ் இங்லிஸ் இதை நீள்வட்ட ஓட்டைக்குக் கொண்டுபோனார். அவரோட ஃபார்முலா ரொம்ப சிம்பிள். ஓட்டையோட பாதி நீளத்தை, முனையோட வளைவு ஆரத்தால வகுங்க. வர்க்கமூலம் எடுங்க. ரெண்டால பெருக்கி, ஒண்ணைக் கூட்டுங்க. வட்டத்துக்கு பாதி நீளமும் ஆரமும் ஒண்ணுதானே? போட்டுப் பாருங்க, கிர்ஷ் சொன்ன அதே மூணு வரும்!

நம்ம ஸ்லாட்டுக்குத் தோராயமா போடுவோம். நீளம் 40, பாதி 20. முனையில 5 மி.மீ. பிட்டால துளை போட்டதால ஆரம் 2.5. விடை, கிட்டத்தட்ட 6.7 மடங்கு. அதே ஸ்லாட்டை வட்ட பிளேடால இழுத்து, தட்டை அரத்தால மூலையைக் கட்டம் ஆக்கினீங்கன்னு வைங்க. மூலையோட ஆரம் 0.2 மி.மீ.தான் மிஞ்சுச்சுன்னா? விடை 21 மடங்கு! ஒரே பிளாஸ்டிக், ஒரே நீளம், ஒரே பெல்ட். மூலை மட்டும் மாறினதுக்கு மூணு மடங்கு வித்தியாசம்.

'கத்தி என்ன கிலோ கணக்குலயா இருக்கு?'ன்னு கேக்கலாம். கத்தியோட எடை இங்கே வில்லன் இல்லை. நீங்க உட்காரும்போது பெல்ட் வளையும். அப்போ அது இறக்கையைப் பக்கவாட்டுல இழுத்து, ஸ்லாட்டோட வாயைத் திறக்கப் பார்க்கும். எழுந்தா விடும். குனிஞ்சா மறுபடி இழுக்கும். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ஒவ்வொரு தடவையும் அந்த மூலைக்கு ஓர் அடி. ஒரே அடியில உடையாதது ஆயிரமாவது அடியில உடையும். அதுக்குப் பேர் ஃபடீக். உடையற அந்த நேரத்துல நீங்க மாமரத்துக் கிளையில கவாத்துக் கத்தியோட நின்னுக்கிட்டு இருந்தா?

இந்த மூலைக்கு உலகம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சம் இல்லை. உலகத்தோட முதல் பயணிகள் ஜெட் விமானம் 'காமெட்', 1952-ல பயணிகள் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரி 10-ல இத்தாலியோட எல்பா தீவு பக்கத்துல ஒரு காமெட் நடுவானத்துல உடைஞ்சு 35 பேர் இறந்தாங்க. அதே வருஷம் ஏப்ரல் 8-ல நேப்பிள்ஸ் பக்கத்துல இன்னொண்ணு, 21 பேர். ஃபார்ன்பரோ ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு காமெட்டோட உடலைத் தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சு, அழுத்தத்தை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கிப் பார்த்தாங்க. அது பிளந்தது, உடல்ல வெட்டியிருந்த ஒரு திறப்போட மூலையிலேர்ந்து! கடல்லேர்ந்து எடுத்த எல்பா விமானத்தோட துண்டுலயும் கதை அதேதான். கூரையில ரேடியோ ஆன்டெனாவுக்காக வெட்டின திறப்பு, அதோட மூலை, அங்கே இருந்த ஒரு ரிவிட் துளை ஓரம். விமானத்துக்கு மேலே ஏறி இறங்கும்போதெல்லாம் காத்தழுத்தம், உறைக்கு உட்கார்ந்து எழுந்திருக்கும்போதெல்லாம் பெல்ட். பாடம் ஒண்ணுதான்.

இன்னொரு சுவாரஸ்யம். ஒரு தகட்டுல விரிசல் ஓடிக்கிட்டு இருந்தா, அதோட நுனியில ஒரு துளை போட்டு நிறுத்தற பழக்கம் ஒர்க்‌ஷாப்கள்ல உண்டு. 'ஏற்கெனவே விரிசல், அதுல துளை வேறயா?'ன்னு தோணும். ஊசி மாதிரி இருந்த நுனி வட்டமானதும் நெரிசல் குறையும், விரிசல் நிக்கும். நாம முனையில முதல்ல துளை போட்டுட்டு அப்புறம் வெட்டறதும் அதே தத்துவம்தான். விரிசல் வர்றதுக்கு முன்னாடியே அதுக்குத் தடுப்பு வெச்சுடறோம்!

டெஸ்ட் மேட்ச்!

உறையை இடுப்புக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி மூணு சோதனை.

முதல் சோதனைக்குக் கத்தி வேண்டாம். பெல்ட்டை ஸ்லாட்டுல நுழைச்சு, ரெண்டு கையாலயும் நல்லா இழுத்து வளைச்சு, ஓர் ஐம்பது தடவை செய்யுங்க. பிறகு முனைகளை வெளிச்சத்துல பாருங்க. பி.வி.சி. தாங்க முடியாத அளவுக்கு இழுபட்டா, அந்த இடம் வெளுக்கும். கலர் பைப்புல பளிச்சுன்னு தெரியும். வெள்ளை பைப்புன்னா நகத்தால தடவிப் பாருங்க, விரிசல் இருந்தா தட்டும். வெளுப்போ விரிசலோ எது தெரிஞ்சாலும் அந்த உறை வேண்டாம். முனைத் துளையை மட்டும் 8 மி.மீ. ஆக்கி இன்னொண்ணு செய்யுங்க. மடங்கு 6.7-லேர்ந்து 5.5-க்கு இறங்கும். பார்க்க டம்பெல் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

ரெண்டாவது, கத்தியைச் செருகி, மெத்தைக்கு மேல தலைகீழா பிடிச்சுக் குலுக்குங்க. கத்தி நழுவினா கவ்வல் போதலைன்னு அர்த்தம். கத்தியை வெளியே எடுத்துட்டு, வாய்ப்பக்கத்தை லேசா சூடு பண்ணி, மறுபடி டேப் சுத்தின கத்தியை வெச்சு அழுத்தணும்.

மூணாவது, உறைக்குள்ள தண்ணி ஊத்துங்க. நுனி வழியா வெளியே வரணும். வரலேன்னா அங்கே 4 மி.மீ. துளை ஒண்ணு. இல்லாட்டி ஈரம் உள்ளேயே தங்கி, ஒரே மழைக்காலத்துல அலகு துருப்பிடிச்சுடும்.

படிச்ச விஷயத்தைக் கையால தொட்டுப் பார்க்கற சந்தர்ப்பம் நம்ம நாலு வருஷத்துல அபூர்வம். ஒரு பைப்புத் துண்டு, ஒரு ட்ரில், ஒரு சாயங்காலம் இருந்தா போதும், ஒரு பாடம் விரல் நுனிக்கு வந்துடுது. அடுத்த செமஸ்டர்ல அந்தக் கேள்வி வந்தா ரெண்டு வரியோட நிறுத்த மாட்டீங்க பாருங்க. அடிஷனல் ஷீட் கேட்பீங்க!

உஷாரய்யா உஷாரு!

* கழுத்துல தொங்கற ஐ.டி. கார்டைக் கழட்டி பாக்கெட்டுல போடுங்க. துப்பட்டா, தொளதொள சட்டைக் கை, அவிழ்ந்த முடி எதுவும் சுத்தற பிட் பக்கத்துல போகக்கூடாது.

* கண்ணாடி கட்டாயம். பிளாஸ்டிக் தூளுக்கு மாஸ்க். வேலை செய்யற இடம் காத்தோட்டமா இருக்கட்டும்.

* சூடான பிளாஸ்டிக்கைத் தொட கிளவுஸ் வேணும். ஆனா, ட்ரில்லைக் கையில எடுக்கும்போது கிளவுஸைக் கழட்டிடுங்க. துணி மாட்டினா கையும் சேர்ந்து போகும்.

* பிளாஸ்டிக்கைக் கொதிக்க வெச்ச பாத்திரத்துல மறுபடி சாம்பார் வைக்காதீங்க. அடுப்பு நெருப்புல நேரா காட்டவும் கூடாது.

* வெயில்ல நிக்கற கார் டாஷ்போர்டு மேல பி.வி.சி. உறையை வைக்காதீங்க. இளகி, கத்தியை விட்டுடும்.

* உறை போட்டாலும் கத்தி கத்திதான். ஆயுதச் சட்டம் 1959-ம் அதோட விதிகளும், வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் பயன்பாட்டுக்கு இல்லாத, அலகு 9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டின கத்திகளை ஆயுதக் கணக்குல வைக்குது. சின்னக் கத்தியா இருந்தாலும் காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் எடுத்துட்டுப் போகாதீங்க. கிச்சனுக்கும் தோட்டத்துக்கும் போதும். உறையோட பெருமையே கத்தியை வெளியே காட்டாம இருக்கறதுதானே!